கள்ளிப்பூச்சியும் தங்கச்சியின் பிஎச்டியும்

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுட்டு லேசா கண்ணசந்த நேரம், ஊரிலிருந்து போன். சித்தப்பா. காரணம் இல்லாமல் கூப்பிடுகிற ஆள் இல்லை அவர். அங்க மழை உண்டா, வேலையெல்லாம் எப்படி, எப்ப ஊருக்கு வர்றேன்னு சுத்தி வளைச்சு விஷயத்துக்கு வர அஞ்சு நிமிஷம் ஆச்சு.

"தம்பி, பாப்பா நீ சொன்னாத்தான் கேப்பா. பிஎச்டி படிக்கப் போறேங்குறா. இன்னும் அஞ்சு வருசமாம். அதுவும் பூச்சியப் பத்தியாம். பொழுதன்னைக்கும் தோட்டத்துல பூச்சியோட மல்லுக்கட்டுறவன் நானு. அதுல படிக்கிறதுக்கு என்னடா இருக்கு? உங்க கம்பெனியில எதாச்சும் பாத்து சேத்து விடு."

பாப்பா என்றால் 24 வயசு. எம்எஸ்சி விலங்கியல் முடித்து, நெட் பரீட்சையில் ஜேஆர்எஃப் வாங்கியிருக்கிறாள். மாதம் 37,000 ரூபாய், ரெண்டு வருஷம் கழித்து 42,000. சேர்ந்த ரெண்டாவது வருஷமே நான் அதைவிட அதிகம் வாங்கினேன் என்பது சித்தப்பாவுக்குத் தெரியும். எங்க குடும்பத்தில் எல்லாருடைய சம்பளமும் எல்லாருக்கும் தெரியும், அது வேற கதை :-)

ஒரு வாரம் டைம் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வாரத்தில் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பேசறதை விட எழுதினால்தான் எனக்கு நான் என்ன நினைக்கிறேன்னே தெரியுது.

எங்க ஊர் வடமதுரை. மதுரைக்கு வடக்கே இருக்கிறதால அந்தப் பேருன்னு சொல்வாங்க. திண்டுக்கல்லில் இருந்து திருச்சி போற நாலுவழிச் சாலையில் போனால் வரும். சவுந்தரராஜப் பெருமாள் கோயில், ரயில்வே ஸ்டேஷன், சுத்துவட்டாரத்தில் நூல் மில்லுங்க, மில்லுக்கு ஆள் ஏத்திட்டுப் போற பஸ்ஸுங்க, மழையையும் கிணத்தையும் நம்பின தோட்டங்கள். இவ்வளவுதான். ஆராய்ச்சிக்கும் எங்க ஊருக்கும் என்ன சம்பந்தம்னு யாராவது கேட்டால் நானே சிரிச்சிருப்பேன். ஆனால் சித்தப்பா போனை வெச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது அவரோட பப்பாளித் தோட்டம்.

2009. நான் ஏழாங்கிளாஸ் படிச்சேன்னு நினைக்கிறேன். சித்தப்பா ஒன்றரை ஏக்கரில் பப்பாளி போட்டார். சித்தியோட நகை அடகுக்குப் போச்சு. செடியெல்லாம் தோள் உயரத்துக்கு வந்து பிஞ்சு விடுற சமயம், இலைக்கு அடியில் கோதுமை மாவைத் தூவின மாதிரி வெள்ளையா ஏதோ தெரிஞ்சது. முதலில் ரெண்டு மரம். அடுத்த வாரம் ஒரு வரிசை. ரெண்டு மாசத்தில் தோட்டமே பஞ்சு போர்த்தின மாதிரி ஆயிடுச்சு. இலை சுருண்டது, பூச்சி கழிச்ச பிசுபிசுப்பு மேல கரும்பூஞ்சணம் பிடிச்சது, காயெல்லாம் வெள்ளை. பார்க்க வந்த வியாபாரி, "என்னண்ணே, காய்க்கு சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கீங்க"ன்னு கேட்டுட்டு வண்டியைக் கிளப்பிட்டுப் போயிட்டார். அன்னைக்கு ராத்திரி சித்தப்பா சாப்பிடலை.

மாவுப்பூச்சி, எங்க பக்கம் கள்ளிப்பூச்சின்னு சொல்வாங்க. சித்தப்பா மருந்தா வாங்கி அடிச்சார். வாரத்துக்கு ஒரு பாட்டில், ஒவ்வொரு வாரமும் போன வாரத்தை விட விலை கூடின பாட்டில். அந்தப் பூச்சி மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கும், தெளிக்கிறது உள்ளே இறங்காது. அது பப்பாளியில் மட்டும் இல்லை. வீட்டு வாசலில் இருந்த செம்பருத்தியில், வரப்பில் இருந்த பார்த்தீனியத்தில், வேலியில் இருந்த காட்டாமணக்கில், எங்கெங்கும் இருந்தது. இங்கே கொன்னால் அங்கேயிருந்து வரும். தமிழ்நாட்டில் அந்த ரெண்டு வருஷம் மரவள்ளி, மல்பெரி, பருத்தி எல்லாவற்றிலும் இதே கதை. கடைசியில் சித்தப்பா மரத்தையெல்லாம் வெட்டிக் குமிச்சுக் கொளுத்தினார். நகை திரும்பி வர எத்தனை வருஷம் ஆச்சுன்னு நான் கேட்டதில்லை.

கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் கழிச்சு, 2011 ஆரம்பத்தில்னு ஞாபகம், வேளாண்மைத் துறையிலிருந்து ஒருத்தர் பைக்கில் வந்தார். கையில் சின்ன பிளாஸ்டிக் டப்பா. வாயில் துணி கட்டியிருந்தது. "இதுக்குள்ள குளவி இருக்கு. அந்தச் செம்பருத்திக்கு அடியில திறந்து விடுறேன். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், மருந்து அடிக்காதீங்க" என்றார். சித்தப்பா டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துட்டு, "இதுவா குளவி? கொசுக் குஞ்சு மாதிரி இருக்கு" என்று சிரிச்சார். நியாயம்தான். அந்தக் குளவி ஒரு மில்லிமீட்டர் நீளம் கூட இருக்காது. வந்தவர் பையிலிருந்து ஒரு லென்ஸ் எடுத்துக் காட்டினார். முதலில் முண்டியடிச்சுப் பார்த்தது பாப்பாதான். அப்போ அவ நாலாங்கிளாஸ்.

அந்தக் கோடையிலேயே செம்பருத்தியில் வெள்ளை குறைஞ்சு போச்சு. மாவுப்பூச்சியெல்லாம் பழுப்பா உப்பிப் போய், ஒவ்வொண்ணுலயும் ஊசி குத்தின மாதிரி ஓட்டை. குளவி மாவுப்பூச்சிக்குள்ளே முட்டை வைக்கும். புழு உள்ளேயிருந்தே தின்னு வளர்ந்து, ஓட்டை போட்டு வெளியே வரும். சினிமாவில் வர்ற ஏலியன் மாதிரி. அடுத்த வருஷம் சித்தப்பா மறுபடியும் பப்பாளி போட்டார். ஒரு பாட்டில் மருந்து கூட அந்தப் பூச்சிக்காக வாங்கலை. பொல்லாத பூச்சி தானா போயிடுச்சுன்னு ஊரில் சொன்னாங்க. இப்பவும் அப்படித்தான் சொல்றாங்க.

தானா போகலை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்தக் குளவி எங்கேயிருந்து வந்ததுன்னு ரெண்டு வருஷம் முன்னாடி பாப்பாதான் எனக்குச் சொன்னாள். அப்புறம் நானும் தேடிப் படிச்சேன். கதை 1955இல் ஆரம்பிக்குது. அந்த வருஷம் மெக்சிகோவில் யாரோ ஒருத்தர் ஒரு மாவுப்பூச்சியைப் பிடிச்சு சேகரிப்பில் வெச்சார். பேர் கிடையாது, யாருக்கும் தொந்தரவும் கிடையாது, ஏன்னா அதோட சொந்த ஊரில் அதைத் தின்ன ஆள் இருந்தது. 1992இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வில்லியம்ஸ், அர்ஜென்டினாவின் கிரானாரா தே வில்லிங்க் என்ற ரெண்டு பேர் அதுக்குப் பேர் வெச்சாங்க: பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். யோசிச்சுப் பாருங்க. யாருக்கும் தொந்தரவு தராத ஒரு மாவுப்பூச்சிக்கு, மைக்ரோஸ்கோப்பில் குனிஞ்சு, காலில் எத்தனை முடி, முதுகில் எத்தனை துவாரம்னு எண்ணிப் பேர் வைக்கிறதுக்கு ஒருத்தருக்குச் சம்பளம். நம்ம ஊரில் இதைச் சொன்னால் "வேலை வெட்டி இல்லையா"ன்னு கேட்போம்.

அந்தப் பூச்சி தொண்ணூறுகளில் கரீபியன் தீவுகளுக்குப் பரவினப்போ விஷயம் மாறுச்சு. மெக்சிகோவுக்குப் போய், அங்கே இதை எது தின்னுதுன்னு தேடிப் பிடிச்சு, 1999 வாக்கில் போர்ட்டோ ரிகோவில் அமெரிக்க விவசாயத் துறை அந்தக் குளவிகளை வளர்க்க ஆரம்பிச்சது. அதில் முக்கியமான குளவிக்கு முறையான பேர் கிடைச்சது 2003இல். அசிரோஃபேகஸ் பப்பாயே. நோய்ஸ், ஷாஃப் என்ற ரெண்டு குளவி நிபுணர்கள் வெச்ச பேர். பூச்சி பசிபிக் பக்கம் குவாம் தீவுக்கு வந்தது. அங்கே குவாம் பல்கலைக்கழகத்தில் முனியப்பன் என்ற பூச்சியியல் பேராசிரியர் இருந்தார். போர்ட்டோ ரிகோ குளவியை வரவழைச்சு குவாமில் பூச்சியை அடக்கின குழுவில் அவரும் ஒருத்தர்.

இந்த முனியப்பன் பிறகு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2008இல் கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்கு வந்தப்போ, அந்தப் பக்கத்துப் பப்பாளியில் இருந்த வெள்ளையைப் பார்த்ததும் அது எதுன்னு அவருக்குத் தெரிஞ்சுடுச்சு. குவாமில் மல்லுக்கட்டின அதே ஆள்! வந்திருக்கிறது எதுன்னு தெரிஞ்சதால்தான் மருந்தும் எங்கே இருக்குன்னு தெரிஞ்சது. 2010இல் அந்தக் குளவி போர்ட்டோ ரிகோவிலிருந்து பெங்களூருவில் இருக்கும் மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. வேற பூச்சி எதையும் தாக்காதான்னு அங்கே சோதிச்சாங்க. பிறகு தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வாங்கி, முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அந்த மாவுப்பூச்சியில் குளவியை வளர்த்து, மாவட்டம் மாவட்டமா அனுப்பினாங்க. அந்த வரிசையில் ஒரு டப்பா சித்தப்பா வீட்டுச் செம்பருத்திக்கு வந்து சேர்ந்தது.

வர்ஜீனியா டெக், வேளாண் பல்கலைக்கழக ஆட்கள் சேர்ந்து 2014இல் போட்ட கணக்குப்படி, இந்தியாவுக்கு அஞ்சு வருஷத்தில் மிச்சமானது குறைஞ்சபட்சம் 50 கோடி டாலருக்கு மேலே. இதில் சித்தப்பாவுக்கு எவ்வளவுன்னு எனக்குக் கணக்குப் போடத் தெரியலை. அவருக்கும் தெரியாது. அவர் பணம் எதுவும் கொடுக்கலை, கையெழுத்து கூடப் போடலை.

நம்ம சாஃப்ட்வேர்காரங்களுக்கு இது புதுசு இல்லை. நாம எழுதுற பத்து வரிக்குக் கீழே யாரோ எழுதின பத்தாயிரம் வரி இருக்கும். 2016இல் லெஃப்ட்பேட் என்ற பதினொரு வரி நிரலை ஒருத்தர் எடுத்துட்டார்னு உலகம் முழுக்க பில்டு படுத்தது ஞாபகம் இருக்கா? 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டைன்னு ராத்திரி பகலா உட்கார வெச்சாங்களே? (அப்போதான் நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. மறக்க முடியுமா.) அந்த நிரலைப் பராமரிச்சது ஓய்வு நேரத்தில் வேலை செஞ்ச சில தன்னார்வலர்கள்னு அன்னைக்குத்தான் பெரிய பெரிய கம்பெனிகளுக்கே தெரிஞ்சது. 1992இல் மாவுப்பூச்சி காலில் முடி எண்ணின ரெண்டு பேர்தான் சித்தப்பா தோட்டத்தோட அடியில் இருக்கிற டிபெண்டன்சி. அது அறுந்திருந்தா மேலே இருக்கிற எதுவும் ஓடாது.

இவ்வளவு தூரம் சொன்னதில் எனக்கு முக்கியமாப் படுறது குளவி இல்லை. குளவியை இறக்குமதி பண்ணலாம், விமானத்தில் ஒரு பெட்டியில் வந்துடும். கோயமுத்தூரில் அதை வாங்கி வளர்க்கத் தெரிஞ்ச ஆள் இல்லைன்னா அந்தப் பெட்டிக்குள்ளேயே ரெண்டு நாளில் செத்துப் போயிருக்கும். பெட்டியைத் திறக்கத் தெரிஞ்ச அந்த ஆளை இறக்குமதி பண்ண முடியாது. இருபது வருஷம் இங்கேயே வளர்க்கணும். டப்பாவோட பைக்கில் வந்தவரும் எங்கேயோ ஒரு வேளாண் கல்லூரியில் நாலு வருஷம் உட்கார்ந்து படிச்சவராத்தான் இருப்பார். "மருந்து அடிக்காதீங்க"ன்னு சொல்ல அவருக்கு இருந்த தைரியம் எங்கேயிருந்து வந்தது? கடைக்காரருக்கு அந்தத் தைரியம் வரலையே.

ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்ன தருதுன்னு கேட்டால் பேடன்ட், ஸ்டார்ட்அப், ரேங்க்னு பட்டியல் சொல்றாங்க. என்னைக் கேட்டால், ஒரு புதுத் தொல்லை வரும்போது "இது எனக்குத் தெரியும்"னு சொல்ல ஒரு ஆளை அது உட்கார வெச்சிருக்கு. தொல்லை எப்ப வரும்னு தெரியாது. அதுவரைக்கும் அந்த ஆள் பார்க்கிறதுக்கு வேலை வெட்டி இல்லாதவர் மாதிரிதான் இருப்பார்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்குன்னு நீங்க கேட்கலாம். கேளுங்க. நான் படிச்ச பொறியியல் கல்லூரியில் (பேர் வேண்டாம், இன்னும் அங்கே பழகினவங்க வேலை பார்க்கிறாங்க) இரண்டாவது மாடியில் "ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு மையம்"னு பித்தளை போர்டு இருந்தது. நாலு வருஷத்தில் அந்த அறை திறந்து நான் பார்த்தது ஒரே ஒரு நாள், இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வந்தப்போ. உள்ளே ஆறு கம்ப்யூட்டரும் ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்தும் இருந்தது. எங்க கடைசி வருஷ ப்ராஜெக்டை மூணு பேர் காசு போட்டு ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கினோம். வைவாவில் கேட்ட ஒரே கேள்வி, "நீங்களே பண்ணதா?" ஆமாம்னு சொன்னோம். அவரும் சிரிச்சார், நாங்களும் சிரிச்சோம். வாத்தியார்களுக்கு வருஷத்துக்கு இத்தனை கட்டுரைன்னு டார்கெட் இருந்தது. காசு கட்டினால் போடுற பத்திரிகைகளில் போட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. வாரத்துக்கு அத்தனை வகுப்பு எடுத்துட்டு எப்போ ஆராய்ச்சி பண்றது?

ஆனா எனக்கு வேலை கிடைச்சது. கல்லூரி என்னை வெச்சு பேனர் அடிச்சது. "திறமை"ன்னு அந்த பேனரில் போட்டிருந்தது. இப்போ நான் தினமும் திட்டிக்கிட்டே உபயோகிக்கிற போஸ்ட்கிரஸ், 1986இல் பெர்க்லியில் ஸ்டோன்பிரேக்கர் என்ற பேராசிரியர் தன் மாணவர்களோட ஆரம்பிச்சது. நிரலை இயந்திர மொழிக்கு மாத்துற எல்எல்விஎம், 2000இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவனோட ஆய்வா தொடங்கினது. அவங்க பண்ணினதை உபயோகிக்கத் தெரிஞ்சவனை இங்கே திறமைசாலிங்கிறோம். அதில் தப்பு ஒண்ணும் இல்லை, அதில்தான் எங்க வீட்டுக் கடன் அடைஞ்சது. இருந்தாலும் ரெண்டும் வேற வேறங்கிறது ஞாபகம் இருக்கணும் இல்லையா?

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். முருங்கையைச் சொல்லாம விட்டா எங்க ஊர்க்காரங்க கோவிச்சுக்குவாங்க. பழைய முருங்கை மரத்தைக் கொப்பு வெட்டி நடணும். விதை போட்டு ஒரே வருஷத்துக்குள்ளே காய் பறிக்கிற பிகேஎம்-1 ரகம், வேளாண் பல்கலைக்கழகத்தோட பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கி 1989இல் வெளியிட்டது. பிகேஎம்னா பெரியகுளம். தூத்துக்குடிப் பக்கம் எப்போதும்வென்றான்னு ஒரு ஊர், அந்த ஊர் முருங்கையிலிருந்து தேர்ந்தெடுத்த வழி. இன்னைக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் அந்த விதை போகுது. தண்ணி இல்லாத எங்க பக்கத்து நிலத்தில் அந்தக் காய் எத்தனை பிள்ளைங்களைப் படிக்க வெச்சிருக்கும்! பேர் வெச்சவங்க யாருன்னு யாருக்கும் தெரியாது. சரி, விட்ட இடத்துக்கு வர்றேன்.

இதெல்லாம் பணம் வந்த ஆராய்ச்சி, அதனால் ஒத்துக்கலாம்னு ஒரு கட்சி இருக்கு. என் நண்பன் ஒருத்தன் அப்படித்தான். பணமே வராத ஒண்ணு சொல்றேன், அதுவும் எங்க ஊருக்குப் பக்கத்திலேயே. வடமதுரையைத் தாண்டினா அய்யலூர். தக்காளிக்கும் ஆட்டுச் சந்தைக்கும் பேர் போன ஊர். அந்த மலைக்காடுகளில் தேவாங்கு இருக்கு. சின்ன வயசில் எங்களுக்குச் சொன்னது, தேவாங்கைப் பார்த்தா ஆகாது, மந்திரவாதிங்க பிடிச்சிட்டுப் போவாங்க. ஒல்லியா யாராவது இருந்தா "தேவாங்கு மாதிரி இருக்கான்". அதோட எங்க அறிவு முடிஞ்சது.

1997இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ஆனா நெகாரிஸ் என்ற மாணவி பிஎச்டிக்காக அய்யலூர் வந்தார். அதே சமயத்தில் மைசூர் பல்கலைக்கழகத்தில் மேவா சிங்கிடம் பிஎச்டி செஞ்ச சிந்து ராதாகிருஷ்ணாவும் திண்டுக்கல் காடுகளில் தேவாங்குக்குப் பின்னால் அலைஞ்சார். நாம தூங்கப் போற நேரத்தில் இவங்க வேலைக்குக் கிளம்பணும், ஏன்னா தேவாங்கு ராத்திரியில்தான் நடமாடும். அது தனியா திரியிற பிராணின்னு அதுவரைக்கும் நினைச்சிருந்தாங்க. அப்படி இல்லை, பகலில் கூட்டமா கட்டிப்பிடிச்சுத் தூங்குது, ராத்திரி தாய் இரை தேடப் போகும்போது குட்டியைக் கிளையில் விட்டுட்டுப் போகுதுன்னு தெரிய வந்தது. அய்யலூர் தேவாங்கு தின்னதில் 96 சதவீதம் பூச்சி, புழு மாதிரி உயிரினங்கள்தான். அதிலும் எறும்பும் கரையானும்தான் நிறைய. அதாவது விவசாயிக்கு அது பங்காளி.

இதில் யாருக்கு என்ன காசு வந்தது? ஒண்ணும் இல்லை. ஆனா 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமா தமிழக அரசு அறிவிச்சது. தேவாங்குக்குன்னே இந்தியாவில் முதல் சரணாலயம். இருபத்தஞ்சு வருஷம்! அதுக்கு நடுவில் எத்தனையோ பேர் கணக்கெடுத்திருக்காங்க, உள்ளூர் ஆட்கள் பாடுபட்டிருக்காங்க. இருந்தாலும், இங்கே என்ன இருக்குன்னு முதலில் யாராவது உட்கார்ந்து பார்த்து எழுதி வைக்காட்டி, எதைக் காப்பாத்தணும்னு கோப்பில் எழுதுவாங்க? எனக்கு வெட்கமா இருக்கிற விஷயம், சைக்கிளில் போற தூரத்தில் இருந்த பிராணியைப் பத்தி செயின்ட் லூயிஸிலிருந்து வந்தவங்க எழுதினதைப் படிச்சு நான் தெரிஞ்சுக்கிட்டது. பாப்பா அனுப்பின கட்டுரைதான்.

நிற்க. சித்தப்பா சொல்றதிலயும் நியாயம் இருக்கு, அதை மறைச்சுட்டு எழுதினா அது பித்தலாட்டம்.

அஞ்சு வருஷம்னு சொல்லிட்டு ஏழு வருஷம் ஆகுது. உதவித்தொகை மாசா மாசம் வராது, ஆறு மாசம் சேர்ந்து ஒரு நாள் வரும்னு ஆராய்ச்சி மாணவர்கள் வருஷா வருஷம் போராட வேண்டியிருக்கு. கைடு நல்லவரா அமைஞ்சா ராஜயோகம், இல்லைன்னா அவர் வீட்டுக் காய்கறி வாங்கற வேலையும் சேரும். முடிச்சு வந்தா பேராசிரியர் பணியிடம் காலியாத்தான் இருக்கும், ஆனா நிரப்ப மாட்டாங்க. கௌரவ விரிவுரையாளர்னு ஒரு பேர் வெச்சிருக்காங்களே, அந்தப் பேரில் இருக்கிற கௌரவம் சம்பளத்தில் இல்லை. 2020-21 கணக்கில் இந்தியா தன் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவு பண்ணினது 0.64 சதவீதம். தென்கொரியா 5 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிக்குது. அந்த 0.64க்குள்ளே பாப்பா மாதிரி பூச்சிக்குப் பேர் வைக்கிற ஆளுங்களுக்கு வர்றது எத்தனாவது தசம ஸ்தானம்னு தெரியலை. வெளிநாட்டுப் பணத்தையும் நம்ப முடியாது. முனியப்பனோட வர்ஜீனியா டெக் திட்டத்துக்குப் பணம் கொடுத்த யுஎஸ்எய்ட் அமைப்பையே 2025இல் கலைச்சுட்டாங்க.

சித்தி பயம் வேற. "அது முடிக்கிறப்ப 30 ஆயிரும், அப்புறம் யாரு கட்டுவா." இதுக்கு என்கிட்ட பதில் இல்லை, ஜானகி அம்மாளைத்தான் சொல்லணும். தலச்சேரிக்காரர், 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, கோயமுத்தூரில் கரும்பு ஆராய்ச்சி பண்ணினவர். கல்யாணமே பண்ணிக்கலை. அய்யோ, அதை சித்திகிட்ட சொல்லக் கூடாது, காரியம் கெட்டுடும்.

ஆக, சித்தப்பா சொல்ற குறை எல்லாமே உண்மை. ஆனா அதெல்லாம் பல்கலைக்கழகத்தை நாம வெச்சிருக்கிற லட்சணத்தைப் பத்தின குறை. பாப்பா தேர்ந்தெடுத்த படிப்பைப் பத்தின குறை இல்லை. ரெண்டையும் போட்டுக் குழப்பி, நல்லாப் படிக்கிற ஒவ்வொருத்தரையும் எங்க கம்பெனி மாதிரி இடத்துக்கே அனுப்பிட்டு, அடுத்த கள்ளிப்பூச்சி வரும்போது கோயமுத்தூரில் மைக்ரோஸ்கோப் முன்னாடி யாரு உட்காருவா? எங்க டீமில் ஆள் இல்லைன்னா அடுத்த மாசமே வேற ஆள் எடுப்பாங்க. மாவுப்பூச்சியைப் பார்த்ததும் பேர் சொல்லத் தெரிஞ்ச ஆளுக்கு அந்த மாதிரி விளம்பரம் கொடுத்து எடுக்க முடியாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ பாப்பா என்னைத் தோட்டத்துக்கு இழுத்துட்டுப் போனாள். ஒரு இலையைத் திருப்பி, "அண்ணே, இதப் பாரு" என்றாள். சின்னதா ஒரு கூட்டுப்புழு. உத்துப் பார்த்தா அப்படியே குரங்கு மூஞ்சி. கண்ணு, மூக்கு, வாய் எல்லாம் இருந்தது. மாவுப்பூச்சியைத் தின்னு வளர்ற ஒரு வண்ணத்துப்பூச்சியோட கூடாம். நம்ம ஊர்லயே இருக்கிற இனம். "அப்பா அன்னைக்கு அடிச்ச மருந்துல இதெல்லாமும் செத்துருக்கும், பாவம்" என்றாள். அதைச் சொல்லும்போது அவ மூஞ்சியில் இருந்த கவலை, ப்ரொடக்‌ஷன் சர்வர் விழுந்தப்ப கூட எனக்கு வந்ததில்லை.

நேத்து ராத்திரி சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். பிஎச்டி பேச்சை எடுக்கலை. "சித்தப்பா, அந்த டப்பா ஞாபகம் இருக்கா?"ன்னு மட்டும் கேட்டேன்.

"எந்த டப்பா?"

"கொசுக் குஞ்சு டப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?" என்றார். சொன்னேன். மெக்சிகோ, லண்டன், குவாம், போர்ட்டோ ரிகோ, பெங்களூரு, கோயமுத்தூர் எல்லாம் சொன்னேன். அரை மணி நேரம் கேட்டார். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பேரு வச்ச ஆளுக்கு மாசம் என்ன சம்பளம் வந்திருக்கும்?" தெரியலைன்னு சொன்னேன். "கேட்டுச் சொல்லு" என்று வெச்சுட்டார்.

அவர் இன்னும் சரின்னு சொல்லலை. சேர்றதுக்குக் கடைசித் தேதி இந்த மாசம் 28. கைடா வர்றவர் எப்படிப்பட்டவர்னு சேர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க என்னென்ன கேட்கணும், உதவித்தொகை தாமதமானா கையில் எத்தனை மாசச் செலவுக்கு வெச்சுக்கணும், இதெல்லாம் எனக்குத் தெரியாது. உங்களில் விலங்கியலோ பூச்சியியலோ பிஎச்டி பண்ணினவங்க, பாதியில் விட்டுட்டு ஓடி வந்தவங்களும் சேர்த்துத்தான், ஒரு வரி எழுதுங்க. பாப்பாகிட்ட அப்படியே காட்டுவேன். சித்தப்பாகிட்ட தேர்ந்தெடுத்துக் காட்டுவேன் :-)